பென்சில் கீழே விழுந்தா எடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான இழை. வண்டி ஓட்டிக்கிட்டே படிக்கிறவங்க தயவுசெய்து இங்கேயே நிறுத்திடுங்க. வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கலாம், இழை எங்கயும் ஓடிடாது.

பெரம்பலூர்ல என் கிளினிக்குக்கு ரொம்ப வருஷமா வர்ற ஒரு அண்ணன் இருக்கார். குன்னம் பக்கம் மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. சில மாசம் முன்னாடி வந்தப்போ பிரஷர் 170/100. மாத்திரையை ஒழுங்கா போடுறார். ஊறுகாயைக்கூட விட்டுட்டார். "என்னண்ணே ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"பாப்பா ஃபோன் எடுக்க மாட்டேங்குது சார்."

பாப்பா விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கு. அந்த ஊர்ல இருந்து முதல் ஆள். வணிக விமானி உரிமம் வாங்க நம்ம நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்கணும். அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. நிலத்துல பாதி அடமானத்துல இருக்கு. அவருக்கு அது பிரச்சினை இல்லை. 2025 நவம்பர்ல சேலத்துல இருந்து கிளம்பின ஒரு பயிற்சி விமானம் கீரனூர் பக்கம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? உள்ளே இருந்தவங்க தப்பிச்சுட்டாங்க. நடுரோட்டுல விமானம் நிக்கிற அந்த வீடியோ நம்ம எல்லார் வாட்ஸ்அப்புக்கும் வந்துச்சு. இவருக்கும் வந்துச்சு. அன்னைல இருந்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பாப்பாவுக்கு ஃபோன். எடுக்கலன்னா தூக்கம் இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், அப்பா ஃபோனை எடுக்கச் சொல்லுங்க"ன்னார்.

நானும் தலையாட்டினேன். பொங்கலுக்குப் பாப்பா ஊருக்கு வந்தப்போ அப்பாகூட கிளினிக்குக்கும் வந்துச்சு. பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு என்னைப் பாதியிலேயே நிறுத்தி ஒரு கதை சொல்லுச்சு. இந்த இழையே அதுக்காகத்தான்.

இரண்டு பேர் உட்கார்ந்தா தோள் இடிக்கிற சின்ன விமானம். பக்கத்துல பயிற்சியாளர். ஓடுதளத்தைச் சுத்திச் சுத்தி வந்து இறங்கி, உடனே மறுபடி ஏறிப் பழகுற பயிற்சி. ஓடுதளத்துக்கு இணையா ஆயிரம் அடி உயரத்தில் ஒரு நீளக்கோடு, அதுக்குப் பேர் டவுன்விண்ட். அங்கிருந்து ஒரு திருப்பம், அது பேஸ் லெக். இன்னொரு திருப்பம், நேரா ஓடுதளம், அது ஃபைனல். இவ்வளவும் சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

அந்தச் சில நிமிஷத்துல வலது கை த்ராட்டில்ல, இடது கை கண்ட்ரோல்ல, இரண்டு காலும் ரடர்ல. கண்ணு வெளியே, நடுநடுவே வேகமானிக்கு. காது ரேடியோவுக்கு. டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வாய். இறக்கையில ஃப்ளாப்பை எப்போ, எவ்வளவு இறக்கணும்னு மனசுக்குள்ள ஒரு பட்டியல்.

பேஸ் லெக்ல திரும்புறப்போ கால்சட்டைப் பாக்கெட்ல ஃபோன் அதிருது. ஆஃப் பண்ண மறந்துட்டேன்னு சொல்லுச்சு.

"நான் எடுக்கல சார். தொடக்கூட இல்லை. அப்பாவா இருக்கும்னு நெனச்சேன். அம்மாவுக்கு ஏதாவதான்னு நெனச்சேன். அவ்ளோதான். அதுக்குள்ள ஸ்பீடு பத்து நாட் குறைஞ்சிருச்சு. பக்கத்துல இருந்தவர் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்'னு சொல்லி வாங்கிட்டார்."

அப்பா அந்தப் பக்கம் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் பேசல.

பத்து நாட்னா என்னன்னு எனக்கும் அப்போ தெரியாது. அப்புறம் படிச்சேன். செஸ்னா 172 மாதிரி ஒரு விமானம் இறங்க வர்ற வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். நம்ம நெடுஞ்சாலையில கார் போற வேகம்தான். ஆனா காருக்கு வேகம் குறைஞ்சா நிக்கும். விமானத்துக்கு ஒரு அளவுக்குக் கீழே குறைஞ்சா இறக்கை தாங்காது. அதுக்குப் பேர் ஸ்டால். நேரா பறக்குறப்போ ஸ்டால் ஆனா மூக்கைத் தாழ்த்தி மீட்டுடலாம், உயரம் மட்டும் இருக்கணும். பேஸ்ல இருந்து ஃபைனலுக்குத் திரும்புறப்போ உயரம் சில நூறு அடிதான். திருப்பத்துல ஓடுதளக் கோட்டைத் தாண்டிட்டோம்னு பதறி, இன்னும் சாய்ச்சு, காலால ரடரை அமுக்கி, மூக்கையும் இழுத்தா, ஒரு இறக்கை இன்னொண்ணுக்கு முன்னாடியே கைவிடும். விமானம் சுழல ஆரம்பிக்கும். மீட்க வழி தெரிஞ்சவனுக்கும் அங்கே உயரம் கிடையாது. சின்ன விமானங்கள்ல உயிரைக் குடிக்கிற இடங்கள்ல அந்தத் திருப்பம் பேர்போனது.

அந்த இடத்துலதான் அப்பா ஃபோன் பண்ணியிருக்கார். அவருக்கு எப்படித் தெரியும் பாவம்.

இதுல ஒரு மருத்துவனா எனக்குப் பிடிபட்ட விஷயம், அந்தப் பொண்ணு ஃபோனை எடுக்கவே இல்லைங்கிறது. கவனம் சிதறுறதுக்குக் கை அசையணும்னு இல்லை. ஃபோன் வந்திருக்குங்கிற அதிர்வு மட்டுமே, எடுக்காம, பார்க்காம இருந்தாலும், செஞ்சுக்கிட்டு இருக்கிற வேலையில தப்பைக் கூட்டுதுன்னு 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. "நான் எடுக்க மாட்டேன் சார், சும்மா பாக்கெட்ல இருக்கும்"னு சொல்ற நம்ம எல்லாருக்குமான ஆய்வு அது.

மல்டிடாஸ்கிங்னு ஒரு வார்த்தையை பயோடேட்டாவுல பெருமையா எழுதுறோம். மூளை அப்படி எதையும் செய்யறதில்லை. நடந்துக்கிட்டே பேசலாம், ஏன்னா நடை பழகிப்போச்சு, அதுக்கு யோசனை வேண்டாம். யோசனை தேவைப்படுற இரண்டு வேலையைக் கொடுத்தா மூளை ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பிடிக்கும், மறுபடி இதை விட்டு அதைப் பிடிக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் போகும், எதையாவது தவறவிடும். தவறவிட்டது தெரியவும் தெரியாது. அதுதான் மோசம்.

"அப்போ நம்ம அவதானிகள்?"னு யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. இடலாக்குடியில பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில சதாவதானம் செஞ்சு காட்டினார். ஒரு பக்கம் செய்யுளுக்கு ஈற்றடி கொடுப்பாங்க, ஒரு பக்கம் கணக்கு, முதுகுல விழுற கல்லை எண்ணணும், மணியோசையை எண்ணணும். நிஜமாவே அபாரமான கலை. ஆனா அவதானி அதுக்காகவே பல வருஷம் பழகினவர். கேள்விகளை ஒவ்வொண்ணா வாங்கி, ஒவ்வொண்ணா நினைவுல நிறுத்தி, ஒவ்வொண்ணா பதில் சொல்றவர். ஒரு அடி தளை தட்டினா சபைக்கு வருத்தம், அவ்வளவுதான். யாரும் சாக மாட்டாங்க. நாலு ரீல்ஸ் பார்த்துக்கிட்டே பிரியாணி கிண்டுறதை அவதானம்னு சொல்லிக்காதீங்க.

விமானக்காரங்க இந்த அவதானப் பயிற்சியைத் தலைகீழா செய்யறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஸ்டால் பயிற்சி பத்தி வச்சிருக்கிற ஒரு வழிகாட்டியில, பயிற்சியாளர் மாணவனை எப்படியெல்லாம் தொந்தரவு பண்ணலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. மெதுவா பறந்துக்கிட்டு இருக்கிறப்போ பென்சிலைக் கீழே போட்டுட்டு எடுத்துத் தரச் சொல்லு. பின் சீட்ல இருந்து ஏதாவது எடுக்கச் சொல்லு. வெளி வெப்பநிலையைப் படிக்கச் சொல்லு. வரைபடத்துல ஒரு திசையைக் கண்டுபிடிக்கச் சொல்லு. மாணவன் குனிஞ்சானா, வேகம் என்ன ஆச்சு, இறக்கை சாஞ்சதான்னு பாரு.

நம்ம பாப்பாவுக்கும் இந்தப் பென்சில் பாடம் நடந்திருக்கு. முதல் தடவை குனிஞ்சு எடுத்துக் கொடுத்துச்சாம். "பெரியவங்க கேட்டா எடுத்துக் கொடுக்கணும்னுதானே சார் வளர்த்திருக்காங்க"ன்னு சிரிச்சுது. இரண்டாவது தடவை "இப்போ முடியாது சார், லெவல் பண்ணிட்டு எடுத்துத் தரேன்"னு சொல்லியிருக்கு. பயிற்சியாளர் அன்னைக்குத்தான் முதல் தடவையா 'குட்'னு சொன்னாராம்.

இதை இரண்டு தடவை படிங்க. "கவனமா இரு"ன்னு சொல்லிக்கொடுக்கல. தன்னைவிடப் பெரியவர்கிட்ட "இப்போ முடியாது"ன்னு சொல்லப் பழக்கியிருக்காங்க. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏரோடைனமிக்ஸைவிட அதுதான் கஷ்டமான பாடம்னு எனக்குத் தோணுது.

பழகாம போனா என்ன ஆகும்? 2014 மே மாசம், அமெரிக்காவில் டென்வர் பக்கம் ஒரு செஸ்னா 150 இரவு நேரத்தில் விழுந்து இரண்டு பேர் இறந்தாங்க. தாழ்வான மேகம், இருட்டு. உள்ளே சின்னக் கேமரா ஒண்ணு இருந்திருக்கு. விழுந்த பயணம் அதுல பதிவாகல. முந்தைய பயணங்கள் பதிவாகியிருந்துச்சு. அதுல விமானி ஃபோன்ல செல்ஃபி எடுக்கிறார், ஃப்ளாஷோட. கடைசிப் பயணத்திலும் அப்படி ஃபோன்ல கவனம் போய், இருட்டுல திசை தடுமாறி, கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம்னுதான் விசாரணை முடிவு சொன்னது.

சின்ன விமானம், அனுபவம் கம்மி, அதனாலன்னு சொல்லிட முடியாது. 1972 டிசம்பர் 29. மியாமியில இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. அந்தக் காலத்துப் புத்தம்புது பெரிய ஜெட். முன் சக்கரம் இறங்கிப் பூட்டிருச்சுன்னு காட்டுற பச்சை விளக்கு எரியல. 2,000 அடியில ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு எல்லாரும் அந்த பல்பைக் கழட்டி மாட்டுறதுல இறங்கிட்டாங்க. யாரோ கண்ட்ரோலை லேசா அழுத்தினதுல ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிக்கிறதை விட்டுருச்சு. விமானம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. உயரம் மாறுதுன்னு எச்சரிக்கை ஒலியும் அடிச்சிருக்கு. யார் காதிலும் விழல. சதுப்பு நிலத்துல மோதி 101 பேர் இறந்தாங்க. சக்கரம் ஒழுங்காத்தான் இறங்கியிருந்துச்சு. பல்புதான் போயிருந்துச்சு.

காக்பிட்ல அனுபவசாலிகள் இருந்தாங்க. விமானத்தை ஓட்ட ஒருத்தரும் இல்லை.

இதுமாதிரி சில விபத்துகளுக்கு அப்புறம் 1981-ல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்குறப்போ, தரையில ஓடுறப்போ, ஏறுறப்போ, இறங்குறப்போ, விமானத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது. 'ஸ்டெரைல் காக்பிட்'. ஆபரேஷன் தியேட்டர்ல கிருமி இல்லாம வைக்கிற மாதிரி, காக்பிட்ல வம்பு இல்லாம வைக்கிறது. பெயரை எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. எங்க தியேட்டர்ல அந்த விதியை நாங்க எடுத்துக்கல. தியேட்டர்ல பாட்டு ஓடும், ஃபோன் ஓடும், சில நேரம் நிலத் தகராறு பஞ்சாயத்தே ஓடும்.

சட்டப்படி அந்த விதி விமான நிறுவனங்களுக்குத்தான். தனியார் சின்ன விமானத்துக்கு இல்லை. அதனாலதான் நல்ல பயிற்சியாளர்கள் முதல் நாள்ல இருந்தே பழக்கமா ஆக்குறாங்க. பட்டியல் படிக்கிறப்போ யாராவது குறுக்கே பேசினா விட்ட இடத்துல இருந்து தொடராதே, முதல்ல இருந்து படி. ஆபத்து வந்தா ஏவியேட், நேவிகேட், கம்யூனிகேட், இந்த வரிசைதான். முதல்ல பற. அப்புறம் எங்கே போறதுன்னு பார். அதுக்கப்புறம்தான் யார்கிட்டயாவது பேசு. நமக்கு எது நடந்தாலும் கை முதல்ல ஃபோனுக்குத்தான் போகுது.

சரி, என் கதைக்கு வர்றேன். இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்லை.

ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். ராத்திரி வார்டு, 40 பேருக்கு மேல. ஆறாம் பெட் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எழுதணும். கேஸ் ஷீட்டைக் கையில எடுத்தேன். ஃபோன். தூரத்து மாமா. "மாப்ள, தங்கச்சிக்குக் காய்ச்சல், என்ன மாத்திரை?" ஒரு நிமிஷம்கூட பேசல. பேசி முடிச்சு, டோஸ் மனசுல தெளிவா இருக்க, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் பெட் ஷீட்ல.

ஏழாம் பெட்ல இருந்தது மூச்சிரைப்புக்காக வந்த ஒரு பாட்டி. சர்க்கரையே கிடையாது. ராத்திரி அந்த ஊசி போயிருந்தா, தூங்குறாங்கன்னு நெனச்சு விடியக்காலை வரைக்கும் யாரும் எழுப்பியிருக்க மாட்டாங்க.

ஊசியோட போன சிஸ்டர் நின்னு, திரும்பி வந்து, "டாக்டர், இந்தப் பாட்டிக்குச் சுகர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். கேட்டவங்களுக்கு என்னைவிட இருபது வயசு அதிகம், ஆனா குரல்ல ஒரு தயக்கம். ஏன் தயங்கணும்? நான் டாக்டர், அவங்க நர்ஸ். அந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா, கேட்டிருக்க மாட்டாங்க.

நான் ஷீட்டைத் திருத்திட்டு வேற வேலைக்குப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. விமானத்துல இப்படி நூலிழையில தப்பிச்சா அதை எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு இருக்கு, அதைப் படிச்சு அடுத்தவன் தப்பிப்பான். நாங்க முழுங்கிடுவோம்.

சிட்னியில 98 செவிலியர்களை மருந்து கொடுக்கிறப்போ கூடவே நின்னு கவனிச்ச ஆய்வு 2010-ல் வந்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தப்பு சுமார் 12 சதவீதம் கூடுது. ஒரு குறுக்கீட்டுக்கு! நம்ம வார்டுல ஒரு சிஸ்டர் ஒரு ரவுண்டு ஊசி போட்டு முடிக்கிறதுக்குள்ள எத்தனை பேர் "சிஸ்டர், டிரிப் ஏறல", "சிஸ்டர், பெரிய டாக்டர் எப்போ வருவார்?"னு கேட்கிறாங்கன்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க. கேட்கிறவங்க மேல தப்பு சொல்லல. ஒருத்தருக்கு இத்தனை பெட்டுன்னு ஒதுக்கி வச்சிருக்கிறோமே, தப்பு அங்கே இருக்கு.

என் கருத்து இதுதான், பிடிக்காதவங்க திட்டலாம். கவனச் சிதறலை நாம எப்பவும் சிதறினவன் குற்றமாவே பார்க்கிறோம். சிதறடிச்சது யாருன்னு கேட்கிறதே இல்லை. பெரும்பாலும் அது மேலே இருக்கிறவர். அப்பா, முதலாளி, சீனியர் டாக்டர், மேலதிகாரி. "எத்தனை தடவை கூப்பிடுறது, ஃபோன் எடுக்க மாட்டியா?"ன்னு கேட்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு. "இப்போ முடியாது"ன்னு சொல்ற உரிமை கீழே இருக்கிறவனுக்கு இல்லை.

அரியலூர் ரோட்டுல வாங்க, காட்டுறேன். சுண்ணாம்புக்கல் ஏத்தின டிப்பர்கள், சிமெண்ட் லாரிகள் வரிசையா. டிரிப் கணக்குல ஓடுற டிரைவர். "எங்கடா இருக்க, எப்போ வருவ?"ன்னு உரிமையாளர் கூப்பிடுவார். எடுக்கலன்னா அடுத்த டிரிப் இல்லை. எடுத்தா, எதிர்ல ஹெல்மெட்டுக்குள்ள ஃபோனைச் சொருகிக்கிட்டு ஒரு பையன் வந்துக்கிட்டு இருப்பான். அவனையும் யாரோ "எங்க இருக்க?"ன்னு கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. "ப்ளூடூத் சார், கை ஃப்ரீ"ன்னு சொல்லாதீங்க. ஃபோன் பேசுறப்போ விபத்து வாய்ப்பு சுமார் நாலு மடங்குன்னும், கையில பிடிக்காத ஃபோனால அது குறையலன்னும் 1997-லயே கனடாவில் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. கை இல்லை பிரச்சினை, மனசு. பேஸ் லெக்ல அந்தப் பொண்ணுக்கு இரண்டு கையும் கண்ட்ரோல்லதான் இருந்துச்சு.

அவசர சிகிச்சைப் பிரிவுல நான் பார்த்த எத்தனையோ பேர் பாக்கெட்ல ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. திரையில 'அம்மா'ன்னு இருக்கும். 'வீடு'ன்னு இருக்கும். எடுக்க வேண்டியது நாங்க. அந்த வேலையை எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித் தரல.

விமானத்துல இன்னொரு வழக்கமும் இருக்கு, அதை நாளைக்கே நம்ம ஆஸ்பத்திரிகள்ல கொண்டு வரலாம், பைசா செலவில்லை. கண்ட்ரோலைக் கை மாத்துறப்போ "ஐ ஹேவ் கண்ட்ரோல்"னு ஒருத்தர் சொல்லணும், "யூ ஹேவ் கண்ட்ரோல்"னு மத்தவர் சொல்லணும், வாங்கினவர் மறுபடி ஒரு தடவை சொல்லணும். அவன் ஓட்டுறான்னு இவனும், இவன் ஓட்டுறான்னு அவனும் நெனச்சு சும்மா இருக்கிற நிமிஷம் வரக் கூடாதுங்கிறதுக்காக. ஷிஃப்ட் மாறுறப்போ, சீனியர் வந்து கை வைக்கிறப்போ, ஒரு நோயாளியை இன்னொரு பிரிவுக்கு மாத்துறப்போ நாங்க இதைச் சொல்றோமா? "பார்த்துக்கோப்பா"ன்னு பொதுவா காத்துல சொல்லிட்டுப் போயிடுவோம். யார் அந்த 'ப்பா'ன்னு மறுநாள் தேடுவோம்.

என் கிளினிக்ல இப்போ ஒரு பழக்கம். மருந்துச் சீட்டு எழுதுறப்போ நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. நடுவுல குறுக்கீடு வந்தா அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதுவேன். "டாக்டருக்கு வயசாயிடுச்சு, தப்புத் தப்பா எழுதிக் கிழிக்கிறார்"னு வெளியே பேசிக்கிறாங்க. பேசட்டும். அடிக்கடி கிழியுறது, பக்கத்துல நிக்கிறவங்க ஃபோன் அடிக்கிறதாலதான். உதவியாளர் பொண்ணுகிட்ட, நான் ஃபோன்ல இருந்துக்கிட்டே எதையாவது எழுதினா கையைத் தட்டி நிறுத்தச் சொல்லியிருக்கேன். முதல் மாசம் நிறுத்தல, பயம். இப்போ நிறுத்துது. போன வாரம் ஒரு தடவை கோபம் வந்துச்சு எனக்கு, உண்மையைச் சொல்லணும். கோபம் அடங்கினப்புறம் சீட்டைப் பார்த்தேன். வயசை எழுதுற இடத்துல எடையை எழுதியிருந்தேன்.

அண்ணன் விஷயம் சொல்லி முடிச்சிடுறேன். அன்னைக்குப் பாப்பா கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாவும் மகளும் என் முன்னாடியே ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. பகல்ல அவர் கூப்பிட மாட்டார். இறங்கினப்புறம் பாப்பா ஒரு வார்த்தை அனுப்பும். ராத்திரி எட்டு மணிக்குப் பேச்சு. நிஜமாவே அவசரம்னா பயிற்சிப் பள்ளி அலுவலக எண்ணுக்குக் கூப்பிடணும், அவங்க விமானம் தரைக்கு வந்தப்புறம் சொல்லிக்குவாங்க.

போன வாரம் பிரஷர் பார்த்தேன், 140/90. இன்னும் இறங்கணும். "எட்டு மணி வரைக்கும் எப்படிண்ணே இருக்கீங்க?"ன்னு கேட்டேன். பாக்கெட்ல இருந்து ஃபோனை எடுத்துக் காட்டினார். பாப்பா அனுப்பினது, ஒரே வார்த்தை, "எறங்கிட்டேன்". அதுக்குக் கீழே அதே வார்த்தை, அதுக்குக் கீழேயும் அதே, விரலால தள்ளித் தள்ளிக் காட்டிக்கிட்டே போனார்.

கேள்வி இருந்தா கீழே எழுதுங்க. ஓபி நேரத்துல பதில் வராது.